முளையிலே தெரியுமா?

விளையாட்டு வீரரைத் தெரிவு செய்வதில் நிபுணரும் தவறுவது ஏன்?

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நாம் நெடுங்காலமாக நம்பிவரும் முதுமொழி. பிள்ளையொன்று ஐந்து வயதில் பந்தை ஓங்கி அடித்தாலும், பத்து வயதில் பரீட்சையிலே முதலிடம் பெற்றாலும் உடனே இம்மொழியை எடுத்துக் கூறி மகிழ்கிறோம். ஆயினும், பயிர்த்தொழிலையே வாழ்வாகக் கொண்ட இறக்காமத்து விவசாயி ஒருவரை அணுகி, “முளையைப் பார்த்தே விளைச்சலைக் கூறிவிடலாமா?” என்று வினவினால், அவர் சற்றுத் தயங்கவே செய்வார். வட்டையின் மண் எத்தகையது, குளத்து நீர் கடைசி வரம்பு வரை வந்து சேருமா, கதிர் பறியும் காலத்தில் மழை எப்படி என்பனவற்றையெல்லாம் அறியாமல் அவர் விடை கூறமாட்டார்.

விதைநெல்லைத் தெரிவதற்கு ஒரு முறை உண்டு. உப்புக் கரைத்த நீரில் நெல்லை இட்டால் பதரும் பாதி முற்றிய மணியும் மேலே மிதக்கும். திரண்ட மணிகள் அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டுத் தங்கியதை விதைக்கலாம். எளிய, பயனுள்ள சோதனை இது. ஆனால் அடியில் தங்கிய ஆயிரம் மணிகளுள் எந்த மணி அதிகக் கதிர் தரும் என்று இச்சோதனை கூறுமா? கூறாது. பதரை நீக்குவது வேறு. நல்லனவற்றுள் முதன்மையானது எது என்று வரிசைப்படுத்துவது வேறு. மனிதரைத் தெரிவு செய்யும் நாம் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குகிறோம்.

இம்மயக்கத்தைத் தெளிவாகக் காட்டும் இடம் விளையாட்டு உலகமேயாகும். அலுவலகத்திலோ கல்லூரியிலோ ஒருவரைத் தவறாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. விளையாட்டிலோ யார் யாரைத் தெரிந்தனர், என்ன விலை கொடுத்தனர், பின்னர் என்ன நடந்தது என்பன யாவும் எண்களாகப் பதிவாகின்றன. ஆதலின் தெரிவு செய்தோரின் கணிப்பை நாமும் சரிபார்க்க முடிகிறது.

இரு தமிழ் வீரர்களின் விலை

2008ஆம் ஆண்டு தொடங்கிய இந்தியப் பிரிமியர் லீக் கிரிக்கெட்டின் ஏலத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் நன்கு அறிவர். அனுபவம் மிக்க முன்னாள் வீரர்களும், கணினியில் புள்ளிவிவரம் தொகுப்போரும் ஒரே மேசையில் அமர்ந்து வீரரின் விலையை நிர்ணயிக்கிறார்கள். ஆயினும் அவர்களது கணக்குப் பிழைத்த சந்தர்ப்பங்கள் பல.

சேலத்தை அடுத்த சின்னப்பம்பட்டி என்னும் கிராமத்தில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர் நடராஜன். இருபது வயதை எட்டும்வரை அவர் ஆடியது பெரும்பாலும் டெனிஸ் பந்தினாலேயே. பின்னர் தமிழ்நாட்டு அணிக்கு ஆடத் தொடங்கியபோது அவரது பந்துவீச்சு முறை ஐயத்துக்குள்ளாகியது. அதனைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். 2017ஆம் ஆண்டு ஏலத்தில் 10 இலட்சம் இந்திய ரூபா அடிப்படை விலையுடன் நின்ற அவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு வாங்கியது. அவ்வாண்டு 6 ஆட்டங்களில் அவர் வீழ்த்தியவை இரண்டே விக்கெட்டுகள். அடுத்த ஆண்டு ஹைதராபாத் அணி அவரை 40 இலட்சத்துக்கு எடுத்து, இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டத்திலும் இறக்காமலே வைத்திருந்தது. 2020இல் களமிறங்கிய அவர் 16 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணம் ஒன்றிலேயே மூவகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 3 கோடி கொடுத்தபோது தோற்றவர், 40 இலட்சத்துக்கு வந்தபோது வென்றார். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2024இல் 19 விக்கெட்டுகளை வீழ்த்திய அவரை அவ்வாண்டு நவம்பர் ஏலத்தில் டெல்லி அணி 10.75 கோடிக்கு வாங்கியது. 2025இலோ ஓரிரு ஆட்டங்களே அவருக்குக் கிட்டின.

வருண் சக்கரவர்த்தியின் வரலாறு இதனினும் விந்தையானது. பாடசாலைப் பருவத்தில் விக்கெட் காப்பாளராக இருந்தவர் அவர். பதினேழு வயதளவில் கிரிக்கெட்டை விட்டுக் கட்டிடக் கலை பயின்று பட்டம் பெற்றார். இருபத்தைந்து வயதளவில் மீண்டும் மைதானத்துக்கு வந்து சுழற்பந்து வீசப் பழகினார். 2018 டிசம்பரில் 20 இலட்சம் அடிப்படை விலை கொண்ட அவரைப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு வாங்கியது. முதல் ஆட்டத்தின் முதல் ஓவரிலேயே 25 ஓட்டங்களைக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் அவர் ஆடிய ஒரே ஆட்டம் அதுவே. பஞ்சாப் விடுவித்த பின் 4 கோடிக்கு அவரை வாங்கிய கொல்கத்தாவுக்கு 2020இல் 17 விக்கெட்டுகளைத் தேடித் தந்தார். 2021ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் மூன்று ஆட்டங்களில் ஆடியும் விக்கெட் எதனையும் பெறாமல் இந்திய அணியிலிருந்து நீங்கினார். 2025இல், தம் 33ஆம் வயதில், சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டியின் மூன்று ஆட்டங்களில் 9 விக்கெட்டுகளை வீழ்த்தி இந்தியாவின் வெற்றிக்குத் துணை நின்றார்.

பத்து வயதிலோ பதினேழு வயதிலோ இவ்விருவரையும் கண்டு, “இவர்கள் நாட்டுக்கு ஆடுவார்கள்” என்று எவரேனும் கூறியிருக்க முடியுமா என்பதை வாசகர்களே சிந்தித்துப் பார்க்கலாம்.

நம் நாட்டு அனுபவம்

இலங்கைக்குத் திரும்புவோம். மார்வன் அத்தபத்து 1990ஆம் ஆண்டு இந்தியாவுக்கு எதிராகத் தம் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். இரண்டு இன்னிங்ஸ்களிலும் பூச்சியம். 1992இல் மீண்டும் அழைக்கப்பட்டபோது பெற்றவை பூச்சியமும் ஒன்றும். 1994இல் மூன்றாவது வாய்ப்பு. மறுபடியும் இரு பூச்சியங்கள். ஆறு இன்னிங்ஸ்களில் மொத்தம் ஓர் ஓட்டம்! ‘இவரால் ஆகாது’ என்று தெரிவுக்குழு முடிவு கட்டியிருந்தால் அதனைக் குறைகூற எவரும் முன்வந்திருக்கமாட்டார். ஆனால் 1997இல் நான்காவது வாய்ப்பும் அளிக்கப்பட்டது. அவர் தம் டெஸ்ட் வாழ்வை முடித்தபோது 5,500க்கும் மேற்பட்ட ஓட்டங்களையும் ஆறு இரட்டைச் சதங்களையும் பெற்றிருந்தார். அணித் தலைவராகவும் விளங்கியிருந்தார்.

ரங்கன ஹேரத் 1999இல் டெஸ்ட் அணிக்குள் புகுந்தவர். ஆனால் முத்தையா முரளிதரனின் நிழலில் நின்ற அவருக்கு முதற் பத்தாண்டுகளில் கிடைத்த ஆட்டங்கள் சிலவே. 2009 ஜூலையில் முரளிதரன் காயமுற்றார். இங்கிலாந்தில் கழக மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த ஹேரத் அவசரமாக அழைக்கப்பட்டார். காலியில் நடந்த அந்த டெஸ்டின் இறுதி இன்னிங்ஸில் 15 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளை வீழ்த்திப் பாகிஸ்தானைச் சாய்த்தார். பின்னர் 2018இல் ஓய்வுபெறும்போது அவர் பெற்றிருந்த டெஸ்ட் விக்கெட்டுகள் 433. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் எவரும் அதுவரை எட்டாத தொகை அது.

முளையிலேயே தெரிந்தவர்கள் இல்லையா? உண்டு. 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்திய முரளிதரன் 1991ஆம் ஆண்டிலேயே இலங்கையின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரராகத் தெரிவானவர். எனினும் அவரும் பதினான்கு வயதளவு வரை மிதவேகப் பந்து வீசியவரே. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ அவரைச் சுழற்பந்தின்பால் திருப்பினார். முளை நல்ல முளைதான். அது எந்தப் பயிர் என்று கண்டு கூற ஒரு கண் வேண்டியிருந்தது.

அமெரிக்கர் காட்டும் சான்று

அணிகளிடம் பணம் குறைவாக இருப்பதாலோ, சோதனைகள் போதாமையாலோ இப்படி நேர்கிறது என்று எண்ணுவோர் அமெரிக்காவை நோக்கலாம். அந்நாட்டு மக்கள் ‘ஃபுட்போல்’ என்று அழைக்கும் ஆட்டம் நம் உதைபந்தாட்டம் அன்று. பெரிதும் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது. அங்கே 1936 முதல் ஆண்டுதோறும் பல்கலைக்கழக வீரர்களைத் தொழில்முறைக் கழகங்கள் வரிசைக்கிரமமாகத் தெரிவு செய்கின்றன. முந்திய ஆண்டில் மிக மோசமாகத் தோற்ற கழகத்துக்கே முதல் தெரிவு என்பது விதி. வீரரை ஓடவிட்டும், தாவவிட்டும், உயரமும் கைநீளமும் அளந்தும், நேர்முகம் கண்டும் பரிசோதிக்கிறார்கள்.

அவ்வாட்டத்தில் ‘குவாட்டர்பேக்’ என்பவர் அணியின் மூளை போன்றவர். பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று விநாடிகளுக்குள் மைதானம் முழுவதையும் நோக்கி, எதிரணியின் உபாயத்தை உணர்ந்து, பாய்ந்து வரும் முரடர்களுக்கு அஞ்சாது, ஓடிக்கொண்டிருக்கும் தோழனின் கைக்குப் பந்தை எறியவேண்டும். அவரைத் தெரிவதிலேதான் நிபுணர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

1998இல் பெய்டன் மானிங், ரயன் லீஃப் என்னும் இருவருள் யார் சிறந்தவர் என்று பெரும் விவாதம் நடந்தது. முதலாவதாகத் தெரிவான மானிங் வரலாற்றில் இடம் பெற்றார். இரண்டாவதாகத் தெரிவான லீஃப் நான்கு ஆண்டுகளுக்குள் மறைந்துபோனார். 2000ஆம் ஆண்டில் டொம் பிராடி 199ஆவதாகவே தெரிவானார். அவருக்கு முன்னர் வேறு ஆறு குவாட்டர்பேக்குகள் தெரிவாகியிருந்தனர். அவரே பின்னர் ஏழு முறை சாம்பியன் பட்டம் வென்றார். 2021இல் முதல் பதினைந்து இடங்களுக்குள் ஐந்து குவாட்டர்பேக்குகள் தெரிவாயினர். மூன்றே ஆண்டுகளில் அவர்களுள் நால்வரை அவரவர் கழகங்கள் கைவிட்டன. அதற்கு அடுத்த ஆண்டில் 262ஆவதாக, கடைசி ஆளாகத் தெரிவான புரொக் பேர்டி, 2024 பெப்ரவரியில் தம் அணியை இறுதிப் போட்டிவரை இட்டுச் சென்றார்.

2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும், அவருடைய சகா கேட் மாசியும் இத்தெரிவுகளை ஆராய்ந்தனர். ஒரே நிலையில் ஆடும் இருவருள் முன்னதாகத் தெரிவானவர், அடுத்ததாகத் தெரிவானவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலானது என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. உப்புநீர்ச் சோதனையை இங்கே நினைவுகூர்க. பதரை நீக்கிவிட்டார்கள், எஞ்சிய நல்ல மணிகளை வரிசைப்படுத்தப் புகுந்த இடத்தில் கண் தோற்றது.

காரணங்கள் யாவை?

முதலாவது காரணம், நாம் காணும் வேலையும் பின்னர் அவன் செய்யவேண்டிய வேலையும் ஒன்றல்ல என்பது. பல்கலைக்கழக ஆட்டத்தில் சற்றுத் தாமதித்து எறிந்தாலும் பந்து போய்ச் சேரும். தொழில்முறை ஆட்டத்தில் சேராது. நம் கரையோர ஊர்களிலும் அவ்வாறே. மென்பந்தில் ஆறு ஓட்டங்களாக விளாசும் கல்முனை இளைஞன் ஒருவன், தோற்பந்து தரையில் பட்டு வளைந்து வரும்போது எவ்வாறு ஆடுவான் என்பதை மென்பந்து ஆட்டம் கூறாது. அவனால் முடியாது என்றும் அது கூறாது.

இரண்டாவது, அளக்கக்கூடியதையே நாம் அளக்கிறோம். உயரம், வேகம், சென்ற பருவத்து ஓட்டங்கள் ஆகியவற்றுக்கு எண் உண்டு. தோல்விக்கு மறுநாள் காலையில் ஒருவன் பயிற்சிக்கு வருவானா என்பதற்கு எண் இல்லை. அத்தபத்துவின் ஆறு இன்னிங்ஸ்கள் எண்ணாக இருந்தன. அவற்றுக்கிடையே அவர் பொறுமையுடன் பயின்ற ஆண்டுகள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

மூன்றாவது, ஏலத்தின் இயல்பு. ஒரு பொருளின் உண்மை மதிப்பை எவரும் அறியாதபோது, அதனை வெல்பவர் அதன் மதிப்பை மிக அதிகமாக எண்ணியவரே ஆவார். இரு கழகங்கள் பிடிவாதம் கொண்டால் விலை ஏறிவிடுகிறது. அந்த விலை இளைஞனின் தோள்மீது சுமையாகவும் ஏறுகிறது. முதல் ஓவரில் 25 ஓட்டங்கள் கொடுத்த எந்த இளைஞனையும் மன்னிக்கலாம், 8.4 கோடி பெற்றவனை மன்னிப்பதற்குப் பலருக்கு மனம் வருவதில்லை.

நான்காவதும் தலையாயதுமான காரணம், மண். அமெரிக்க விதிப்படி சிறந்ததெனக் கருதப்படும் முளை, மிக மோசமான வயலில் நடப்படுகிறது. 2018இல் மூன்றாவதாகத் தெரிவான சாம் டார்னல்ட் தம் முதல் கழகத்தில் தோற்றவரென்று கைவிடப்பட்டார். வேறு கழகங்களில் அலைந்து 2024இல் மினசோட்டாவை அடைந்தபோது 17 ஆட்டங்களில் 14 வெற்றிகள். ஆள் அவரே, மண் வேறு. நடராஜனுக்கு ஹைதராபாத் அளித்த இரண்டு ஆண்டுக் காத்திருப்பையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம். ஒருவனது எதிர்காலம் அவனுக்குள்ளே முழுமையாக எழுதி வைக்கப்பட்டிருந்தால் கூர்மையான கண் அதனைப் படித்துவிடும். பாதி அவனிடத்தும் மற்றப் பாதி அவன் இனிமேற் சென்று சேரும் இடத்தும் இருக்குமாயின், எந்தக் கண்ணால் படிக்க முடியும்?

காயம் திறந்த கதவு

இக்கதைகளை அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது ஓர் ஒற்றுமை புலனாகிறது. முரளிதரன் காயமுற்றதால் ஹேரத் வந்தார். 2011 ஏலத்தில் எவரும் வாங்காத கிறிஸ் கெயில், டேர்க் நானஸ் காயமுற்றதால் பெங்களூர் அணிக்குள் வந்து, அப்பருவத்தில் யாவரினும் அதிகமாக 608 ஓட்டங்களைக் குவித்தார். 2001இல் முதல்நிலை வீரர் காயமுற்றதாலேயே பிராடிக்கு இடம் கிடைத்தது. வலைப் பயிற்சியில் பந்து வீசுவதற்காகவே அவுஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்படவிருந்த நடராஜன் இந்திய அணியிற் சேர்ந்தது, வருண் சக்கரவர்த்தி காயமுற்று விலகியதால்! யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த், வனிந்து ஹசரங்க காயமுற்று விலகியதால் 2024இல் ஹைதராபாத் அணியில் இடம் பெற்றார்.

காயம் என்பது எவரும் திட்டமிட்டு நடத்தாத பரிசோதனை. தெரிவாளரின் விருப்பத்தைக் கேளாமல் அது ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. அவ்வாறு திறந்தபோதெல்லாம் வெளியே தகுதியுள்ள ஒருவர் நின்றிருக்கக் காண்கிறோம். அப்படியானால் திறவாத கதவுகளுக்கு வெளியே எத்தனை பேர் நின்று திரும்பிச் சென்றிருப்பர்? அவர்களைப் பற்றி எந்த ஏடும் எழுதுவதில்லை.

ஒன்றை நேர்மையுடன் சொல்லவேண்டும். மறுக்கப்பட்ட எல்லாரும் ஹேரத் அல்லர். மறுக்கப்பட்டோருள் பலர் தகுதி போதாமையாலேயே மறுக்கப்பட்டனர். ஆதலால் படிப்பைக் கைவிட்டு மைதானமே கதியென்று கிடப்பது அறிவுடைமை ஆகாது. வருணும் கட்டிடக் கலைப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே பந்தைக் கையில் எடுத்தார் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.

பெற்றோரும் பாடசாலையும்

வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்துதெளிதல்’ என்றோர் அதிகாரத்தை அமைத்ததோடு அமையாது, அடுத்ததாகத் ‘தெரிந்துவினையாடல்’ என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆளை ஆராய்ந்து தெரிவது ஒரு பணி. தெரிந்தவனுக்கு ஏற்ற வினையைக் கொடுத்து நடத்துவது மற்றொரு பணி. நாம் முதலாவதிலேயே முழு ஆற்றலையும் செலவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

கல்லூரியிலே மாணவரிடையே காலங்கழிக்கும் நாம் இதனைப் பிற துறைகளுக்கும் பொருத்திப் பார்க்கவேண்டும். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பத்து வயதுப் பிள்ளை எழுதுகிறது. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளைக்கும் ஒரு புள்ளி கூடிய பிள்ளைக்கும் என்ன வேறுபாடு? கோடி கொட்டி வீரரை அளக்கும் கழகங்களாலேயே அடுத்தடுத்த இருவரை வரிசைப்படுத்த முடியவில்லை. அவ்வாறிருக்க, ஒரு காலைப் பொழுதின் விடைத்தாளைக் கொண்டு ஒரு பிள்ளையைக் ‘கெட்டிக்காரன்’ என்றும் மற்றொன்றை ‘மக்கு’ என்றும் வீட்டிலே பெயரிடுவது எத்துணை அநீதி! வென்ற பிள்ளைக்கும் அப்பெயர் நன்மை செய்வதில்லை. லீஃபின் கதை அதற்குச் சான்று.

செய்யத்தக்கவை சிலவுள. பாடசாலை அணிக்கு ஆட்களைத் தெரியும்போது ஒரு நாள் ஆட்டத்தைக் கொண்டு முடிவு கட்டாமல் பல நாள் பார்க்கலாம். மாற்று வீரரை நீர்ப்போத்தல் சுமப்பவராகவே வைத்திராமல், எவரும் காயமுறுவதற்கு முன்னரே இடைக்கிடை களமிறக்கலாம். பதின்மூன்று வயதில் உயரம் குறைந்தவனென்று விலக்கப்பட்டவனைப் பதினாறில் மீண்டும் அழைத்துப் பார்க்கலாம். ஓரிடத்தில் சோபிக்காதவனை வேறொரு ஆசிரியரிடம், வேறொரு நிலையில் விட்டுப் பார்க்கலாம். இறக்காமம் போன்ற ஊர்களின் பாடசாலைகளுக்கு இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை, பொறுமையே தேவை.

பருவந்தோறும் பாடசாலை அறிவிப்புப் பலகையில் அணியின் பட்டியல் ஒட்டப்படும். பதினைந்து பெயர்கள் இருக்கும். அதன்முன் நாற்பது பிள்ளைகள் நிற்பர். பெயர் காணாது திரும்பும் இருபத்தைந்து பேரிடமும் ஆசிரியர் ஒருவர் சென்று, “தம்பிமாரே, இது இந்த ஆண்டுப் பட்டியல் மட்டுமே, அடுத்த ஆண்டும் வாருங்கள்” என்று கூறவேண்டும். கூறுவதோடு நில்லாது, அடுத்த ஆண்டு அவர்கள் வந்து நிற்கும்போது, முன்னைய கணிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களைப் புதிதாக நோக்கவும் வேண்டும்.